கிரகணத்தன்று எடுத்த கத்திரிக்கோல்

போன மாதம் ஒரு புதன்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். நான் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தேன். அதாவது, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை... நான் மெடிக்கல் கோடர். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். திருத்தணியில் உட்கார்ந்து நான் அதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். உலகத்தில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. கிளி கடித்தால் ஒரு எண், ஆமை கடித்தால் வேறு எண். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆடிட்டில் மார்க் குறையும். கிளிக்கும் ஆமைக்கும் இதில் எந்தக் கவலையும் இல்லை.

எனக்கு ஒதுக்கியிருப்பது பிறவிக் கோளாறுகள். அந்த எண்கள் எல்லாம் க்யூ என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். அன்று திரையில் இருந்தது க்யூ 41. சிறுகுடல் சரியாக உருவாகாமல் பிறந்துவிடும் குழந்தைகள். குடல் எங்காவது சுருங்கியிருக்கும், அல்லது அடைத்திருக்கும், அல்லது நடுவில் ஒரு துண்டே இருக்காது. கோளாறு குடலின் முதல் பகுதியில் என்றால் புள்ளி பூஜ்யம். நடுவில் என்றால் புள்ளி ஒன்று. கடைசியில் என்றால் புள்ளி இரண்டு. எந்த இடம் என்று டாக்டர் எழுதாமல் விட்டுவிட்டால் புள்ளி ஒன்பது.

புள்ளி ஒன்பது போடும்போதெல்லாம் எனக்கு மனசு எங்கோ போய்விடும். எங்கே என்று யாருமே சொல்லாத ஒரு குறையோடு ஒரு குழந்தை... பெயர் எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். பிறந்தபோது என்ன எடை, இரண்டாம் நாள் பச்சை வாந்தி, மூன்றாம் நாள் ஆபரேஷன். அதோடு ஃபைல் முடிந்துவிடும். அப்புறம் என்ன ஆச்சு? யாரும் எனக்குச் சொல்வதில்லை.

அதனால் நானே வளர்த்துவிடுவேன். மூன்று மணி வெயிலில் மலைப்படி வெறிச்சோடிக் கிடக்கும். அந்தப் படியில் என் குழந்தைகள் எல்லாம் ஏறிப் போவார்கள். வெள்ளைக்காரக் குழந்தை, கறுப்புக் குழந்தை, ஊர் பேர் தெரியாத குழந்தை. எல்லார் வயிற்றிலும் குறுக்கே ஒரு தழும்பு. மேலே போய், தொன்னையில் புளியோதரை வாங்கி, வயிறு முட்டத் தின்பார்கள். யாருக்கும் வாந்தி வராது. நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்...

“மேடம், உங்க ஸ்க்ரீன் பதினோரு நிமிஷமா நகரவே இல்ல” என்று டீம் லீடரிடமிருந்து மெசேஜ் வரும். அன்றும் வந்தது. பதில் அடிப்பதற்குள் காலிங் பெல் அடித்தது.

வாசலில் ஒரு கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குப் புது மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். மலையில் முடி கொடுத்துவிட்டு நேராக இறங்கி வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. கணவன் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஃபைல்.

எனக்கு இது பழக்கம்தான். ‘கம்ப்யூட்டர்ல டாக்டர் வேல பாக்கற அம்மா’ என்று இந்தப் பக்கம் எனக்குப் பேர் ஆகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, எண் போடுகிறவள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

“ஆர்.கே.பேட்டைலேர்ந்து வர்றோங்க. என் பேரு முனிரத்தினம். பவர்லூம் ஓட்டிகினு கீறோம். இவ புவனா. இது வள்ளி, நாலு வயசு” என்றார் அவர். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். புவனாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

விஷயம் இதுதான். புவனா மறுபடியும் கர்ப்பம், ஐந்தாம் மாதம். செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸ், “மொதக் கொழந்தைக்கு இன்னா பிரச்சன? அந்த நோய்க்கு இன்னா பேரு?” என்று கேட்டிருக்கிறார். வயிற்றில் ஆபரேஷன் என்பதற்கு மேல் இவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஸ்கேன். அதற்குள் பேர் தெரிய வேண்டும்.

ஃபைலைத் திறந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. சிறுகுடலின் நடுப்பகுதியில் அடைப்பு. பிறந்த இரண்டாம் நாள் பச்சை வாந்தி, மூன்றாம் நாள் சென்னையில் ஆபரேஷன். க்யூ 41 புள்ளி ஒன்று.

நிமிர்ந்து பார்த்தேன். என் ஃபைல் ஒன்று மொட்டையடித்துக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் நின்றது. ஒரு கையில் பிரசாத லட்டு, வாயைச் சுற்றிலும் லட்டு. எத்தனை வருஷமாகப் படியேற்றிவிட்டுக்கொண்டிருக்கிறேன்... முதல்முறையாக ஒன்று இறங்கி என்னிடம் வந்திருக்கிறது! அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டேன்.

நோயின் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். குடல் இரண்டு துண்டாக இருந்தது, நடுவில் வழி இல்லை, டாக்டர் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார் என்று சொன்னேன்.

“பாவு பிணைக்கற மாதிரி” என்றார் முனிரத்தினம். தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதை அப்படித்தான் சொல்வார்கள். “ஆங்... அதே மாதிரிதான்” என்றேன்.

புவனா அப்போதுதான் கேட்டாள்.

“எதனால அப்பிடி ஆச்சுன்னு இதுல எழுதிகீதாக்கா?”

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

கோடிங் வகுப்பில் முதல் நாளே மண்டையில் அடித்துச் சொல்லித்தரும் விதி ஒன்று இருக்கிறது. டாக்டர் எழுதியதை மட்டும் எடு. எழுதாததை ஊகிக்காதே. பன்னிரண்டு வருஷமாக அந்த விதியில்தான் சோறு தின்கிறேன். ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினேன்.

“காரணம் எதுவும் எழுதலம்மா. எழுதாதத நான் சொல்லக் கூடாது.”

அவ்வளவுதான் சொன்னேன். ரொம்பப் பொறுப்பாகப் பேசிவிட்டதாக ஒரு திருப்தி வேறு. புவனா தலையை ஆட்டினாள். வள்ளியின் வாயைத் துடைத்துவிட்டாள். கிளம்பிப் போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து முனிரத்தினம் போன் செய்தார்.

“மேடம், அவ ஸ்கேனுக்கு வர மாட்டேன்றா. ரெண்டு வாட்டி தேதி மாத்திட்டோம். சரியா சோறும் துன்றதில்ல. நீங்க இன்னாவோ சொன்னீங்களாமே... டாக்டரு காரணத்த எழுதாம மறச்சிட்டாருன்னு. இன்னாத்த மறச்சாங்க மேடம்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறைத்தார்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் ஐந்து மாதத்தில் எடுக்கிற ஸ்கேன் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அதில்தான். முதல் குழந்தைக்கு இப்படி ஆன தாய் அதைத் தள்ளிப்போடவே கூடாது. சனிக்கிழமை டவுன் பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டைக்குப் போனேன்.

தறி ஓடுகிற வீட்டில் பேசுவதென்றால் கத்த வேண்டும். முனிரத்தினம் தறியை நிறுத்தினார். கூல்டிரிங்க் வாங்கி வருகிறேன் என்று வள்ளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சத்தம் நின்றதும் வீடே தூக்கத்தில் இருப்பது போல ஆகிவிட்டது. வெயில் தட்டியின் சந்து வழியாக வந்து பாவு நூலின் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புவனா தறிக் கொட்டகைக்குள் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

“உள்ள வாயேன்” என்றேன்.

“நான் அங்க வர்றதில்லக்கா. வள்ளி பொறந்ததுலேர்ந்தே வர்றதில்ல.”

“ஏன்?”

வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அப்புறம் நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

வள்ளி வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்திருக்கிறது. ஊரே தறியை நிறுத்திவிட்டது. மாசமாக இருப்பவள் கிரகண நேரத்தில் எதையும் வெட்டக்கூடாது, அறுக்கக்கூடாது, அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். இது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. இவளையும் படுக்க வைத்துவிட்டு மற்றவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

“படுத்த எடத்துலேர்ந்து பாத்தா தறில ஒரு இழ அறுந்து தொங்கிகினு கீதுக்கா. அத்தப் பாத்துகினு சும்மா படுக்க முடியல. எல்லாரும் தூங்கிட்டாங்க. மெதுவா எந்திரிச்சிப் போயி முடிச்சு போட்டேன். மிச்ச நுனிய கத்திரிக்கோலால கத்திரிச்சிட்டு வந்து படுத்துகினேன். ஒரே ஒரு இழக்கா...” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவளுக்குக் குடலு அறுந்து பொறந்துச்சு. டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும். என்னப் பாத்தா பாவமா இருந்திருக்கும், எழுதாம வுட்டுட்டாங்க. இப்ப இதுக்கு இன்னா ஆகிகீதோ... ஸ்கேன்ல பாக்கவே பயமா கீதுக்கா.”

எனக்குப் பதில் தெரியும். அப்படியெல்லாம் ஒன்றுமே கிடையாது பெண்ணே என்று கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்லலாம். சொன்னேன்.

“நீங்க டாக்டரு இல்லியேக்கா. எழுதாதத சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

என் விதியை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்!

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க ஒரே யோசனை. வள்ளியின் குடல் சரியாகி நாலு வருஷம். எங்கள் புத்தகப்படி அவள் இப்போது க்யூவே கிடையாது. சரிசெய்துவிட்ட பிறவிக் குறைக்கு இசட்டில் தொடங்கும் வேறு எண். ‘ஒரு காலத்தில் இருந்தது’ என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். குழந்தை பக்கத்தைத் திருப்பிக்கொண்டு ஓடி, லட்டு தின்கிறது. அம்மாதான் பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு அம்மா இருக்கிறாள், இல்லையா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கண்ணாடி போட்டாலும், தான் என்ன தப்பு செய்தோம் என்று தேடுகிறவள்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தில் தேடினேன். சும்மா, ஒரு ஆசைக்கு. கிரகணத்தால் பாதிப்பு என்று நெருக்கமாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்துக் கெட்டுப்போன விழித்திரைக்கு ஒரு எண். அவ்வளவு பெரிய புத்தகத்தில் சூரியன் மனிதனுக்குள் நுழைய எனக்குத் தெரிந்த வழி கண்ணும் தோலும்தான். கருப்பைக்கு வழியே இல்லை. ஆனால் இதுவும் நான் சொல்வதுதானே? டாக்டர் எழுதியது இல்லையே.

எழுதினால்தான் நம்புவாள் என்றால் எழுதி வாங்க வேண்டியதுதான். அதற்கும் எங்கள் தொழிலில் வழி இருக்கிறது. ஃபைலில் ஏதாவது தெளிவாக இல்லையென்றால் டாக்டருக்கு க்வெரி அனுப்புவோம். கேள்வித்தாள் மாதிரி இருக்கும்: கேள்வி, கீழே விடைகள், டாக்டர் டிக் செய்ய வேண்டும். இதற்குக் கண்டிப்பான விதி உண்டு. நமக்கு வேண்டிய பதிலை நோக்கி டாக்டரைத் தள்ளக்கூடாது. கடைசி விடையாக ‘சொல்ல இயலவில்லை’ என்பது கட்டாயம் இருக்க வேண்டும்.

வள்ளியின் வருடாந்தர செக்கப் அடுத்த திங்கட்கிழமை சென்னையில், அதே சர்ஜனிடம். நான் டைப் செய்தேன்.

கேள்வி: இந்தக் குழந்தையின் குடல் குறைக்குக் காரணம் என்ன? ஒன்று: கர்ப்பத்தின்போது தாய் செய்த ஏதோ ஒரு செயல். இரண்டு: தாய் செய்த எதுவும் காரணம் அல்ல. மூன்று: வேறு காரணம். நான்கு: சொல்ல இயலவில்லை.

நாலாவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். நேர்மையான டாக்டர் இதைத்தான் டிக் செய்வார். செய்தால்? காரணத்தை மறுபடியும் மறைத்துவிட்டார்கள் என்று இவள் ஸ்கேனுக்கே போக மாட்டாள். கீபோர்டில் விரல் தானாக நகர்ந்தது. நாலாவது வரியை அழித்துவிட்டு பிரின்ட் எடுத்தேன்.

திங்கட்கிழமை லீவு போட்டு நானும் அவர்களோடு லோக்கல் ரயில் ஏறினேன். அரக்கோணம் தாண்டியது. மணவூரில் வண்டி கொஞ்சம் அதிகமாகவே நின்றது. வெளியே வயலில் தண்ணீர் கட்டியிருந்தது. அதில் வானம், அதில் ஒரு கொக்கு. வள்ளி என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் மூச்சுக்கு அவள் வயிறு ஏறி ஏறி இறங்கியது. அந்தத் தழும்புக்கு உள்ளே இட்லி ஒன்று அந்த முடிச்சைத் தாண்டி, யாருக்கும் தெரியாமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். இதைவிட அதிசயமாக இந்த உலகத்தில் என்ன நடக்கிறது? கூடவே, கைப்பையில் இருந்த தாளும் உறுத்திக்கொண்டே வந்தது.

சர்ஜன் ஒரு அம்மா. நரைத்த தலை, படபடவென்ற பேச்சு. வள்ளியைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். எடை பார்த்தார். “ராஜாத்தி, நல்லா சாப்பிடறா” என்றார். நான் கொடுத்திருந்த தாளைப் புவனா நீட்டினாள். டாக்டர் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இத யார் எழுதினது? நீங்களா? கோடரா?”

“ஆமா டாக்டர்.”

“நாலாவது ஆப்ஷன் எங்க?”

என் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் பழைய ஃபைலை வாங்கி முதலிலிருந்து படித்தார். கர்ப்பத்தின்போது ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, காய்ச்சல்? புவனா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். டாக்டர் பேனாவை எடுத்தார். அதற்குள் புவனா பேசிவிட்டாள். நாலு வருஷமாகப் புருஷனிடமே சொல்லாதது, அவர் பக்கத்தில் நிற்கும்போதே வெளியே வந்துவிட்டது.

“நான் கிரகணத்தப்ப கத்திரிக்கோல எடுத்தேங்க டாக்டரு.”

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

“இங்க பாரும்மா. எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டு பேரும் வயித்துல இருந்தப்ப, ஒன்பதாம் மாசம் வரைக்கும் நான் இதே ஆஸ்பத்திரில கத்திரிக்கோல் பிடிச்சு நிஜமாவே குடல வெட்டித் தெச்சுக்கிட்டிருந்தேன். கிரகணம்னு ஒரு நாள்கூட லீவு கிடையாது. ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கானுங்க.”

பிறகு தாளில் இரண்டாவது விடையை டிக் செய்தார். அதோடு நிறுத்தவில்லை. நான் அழித்த நாலாவதைத் தன் கையால் எழுதி, அதையும் டிக் செய்தார்.

“ரெண்டையும் படிக்கிறேன், கேளு. நீ செஞ்ச எதனாலயும் இல்ல. இது எனக்குத் தெரியும். வயித்துக்குள்ளயே குடலோட ஒரு துண்டுக்கு ரத்தம் போறது நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சு? அது எனக்குத் தெரியாது. யாருக்கும் முழுசாத் தெரியாது. தெரியாதத தெரியாதுன்னு எழுதினாத்தான், தெரிஞ்சத எழுதறப்ப நீ நம்புவ. சரியா?”

புவனா அந்தத் தாளை வாங்கி டாக்டரின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் விதி எதற்காக இருக்கிறது என்பது பன்னிரண்டு வருஷம் கழித்து அன்றுதான் எனக்குப் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். திருவள்ளூர் தாண்டியதும் முனிரத்தினம் மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்கி எந்திரிச்சிப் பாத்தா அறுந்த இழ கட்டியிருந்துச்சு. எங்க நைனாதான் கட்டினாருன்னே இத்தினி நாளு நெனச்சிகினு கீறேன். முடிச்சே தெரியல. அவ்ளோ நல்லா கட்டியிருந்துச்சு.”

புவனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று தான் கத்திரித்தது மட்டும்தான் இத்தனை வருஷமாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கட்டியதை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. என் குழந்தைகள் வழக்கம்போல் படியேறிக்கொண்டிருந்தார்கள். இப்போது முன்னால் மொட்டைத்தலையோடு ஒருத்தி ஓடுகிறாள். போன் அடித்தது. புவனா. பின்னால் தறிச் சத்தம் காதைக் கிழித்தது.

“ஸ்கேன் முடிஞ்சுதுக்கா! எல்லாம் நல்லா கீதாம்.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“எழுதிக் குடுத்துட்டாங்க. நானும் ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன்... இருங்கக்கா, ஒரு நிமிசம், இங்க ஒரு இழ...”

தறி நின்றது. சின்னதாக ஒரு ‘கிளிக்’. தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

கத்திரிக்கோலுக்கும் எங்கள் புத்தகத்தில் ஒரு எண் இருக்கிறது — அதைக் கொண்டு நம் கையையே நாம் வெட்டிக்கொண்டால் மட்டும்.